வளையல் ஒலிக்காத செவ்வாய்க்கிழமை

என் வீட்டுக்காரர் செய்தித்தாள் படிக்கும்போது அவருக்கு நாக்கு கிடையாது. கல்யாணமான மூன்றாவது மாதமே இதைக் கண்டுபிடித்துவிட்டேன். தேர்தல் முடிவுகள் வந்த காலை அது. தட்டின் ஓரத்தில் பேப்பரைச் சாய்த்து வைத்துக்கொண்டு, எந்தத் தொகுதியில் யார் என்று விரலால் வரி பிடித்துப் படித்தபடியே சாப்பிட்டார். ரசத்தில் அன்று நான் உப்புப் போட மறந்திருந்தேன். மனிதர் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார். "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "பிரமாதம், நம்ம ஜில்லாவுலயும் முன்னணியில இருக்காங்க" என்றார்.

அடுத்த வாரம் வேண்டுமென்றே சர்க்கரை போடாத காப்பியைக் கொடுத்துப் பார்த்தேன். முக்கால் டம்ளர் உள்ளே போயிற்று. பேப்பரை மடித்து வைத்த பிறகு, கடைசி வாயில்தான் முகத்தைச் சுளித்தார். "அடியில கசக்குதே?" என்றார். அடியில் மட்டும் எப்படிக் கசக்கும் என்று பள்ளிக்கூட வாத்தியாருக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

அவரைக் கேலி செய்ய நான் ஒன்றும் யோக்கியதை உள்ளவள் இல்லை. வானொலியில் நல்ல நாகசுரம் வந்தால் எனக்கு மூக்கு போய்விடும். பால் பொங்கி, வற்றி, அடி தீய்ந்து, பக்கத்து வீட்டு அம்மாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "என்னங்க தீயுது?" என்று கேட்ட பிறகுதான் வாடையே வரும். அவர் சிரித்துக்கொண்டே ஜன்னலைத் திறப்பார். "எனக்கு நாக்கு இல்ல, உனக்கு மூக்கு இல்ல. ரெண்டு பேரையும் சேத்தா ஒரு ஆள் தேறும்" என்பார். எங்கள் வீட்டில் சண்டையும் சமாதானமும் பெரும்பாலும் இந்த விஷயத்திலேயே நடந்தன. ஆனால் இதே குணத்தால் ஒரு பெண்ணின் உயிருக்கு நான் உலை வைக்கப் பார்த்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஏழு மைல் தள்ளி, பஸ் ஒரு நாளைக்கு மூன்று தடவை எட்டிப் பார்க்கும் ஓர் ஊரில் எனக்குப் பிரசவம் பார்க்கும் நர்ஸ் வேலை. கழகத்துக்காரர்கள் ஆட்சிக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எனக்கென்று ஓர் ஓட்டுக் கட்டடம், ஒரு மேஜை, ஒரு பீரோ, ஓர் ஆயா, ஒரு தோல் பை. அந்தப் பையில் இருந்த சாமான்களில் எனக்கு உயிர் ஒன்றின் மேல்தான். மரத்தில் கடைந்த குழல் அது, ஒரு சாண் நீளம். ஒரு முனையைக் கர்ப்பிணியின் வயிற்றில் வைத்து, மறு முனையில் காதைப் பதித்தால் உள்ளே இருக்கும் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்புக் கேட்கும்.

கேட்கும் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். குழலைக் கையால் பிடிக்கக் கூடாது. விரல் அசைந்தால் அதுவே காதுக்குள் இடி இடிக்கும். காதாலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக் கண்ணை மூட வேண்டும். முதலில் தாயின் வயிற்று இரைச்சல் வரும். பிறகு அவளுடைய ரத்த ஓட்டம். அதற்கும் அடியில், எங்கேயோ தூரத்தில் ஓடுகிற சின்னத் துடிப்பு ஒன்று அகப்படும். அகப்பட்டதும் ஒரு கண்ணை மட்டும் திறந்து கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணத் தொடங்குவேன்.

அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு உலகத்தில் வேறு எதுவும் கிடையாது. வெளியே பம்ப்செட் ஓடும், மாடு கத்தும், தெருவில் இரண்டு பேர் வரப்புத் தகராறில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருப்பார்கள். ஒன்றும் என்னிடம் வராது. ஒரு முறை காதை வைத்துக் குனிந்திருந்தபோது கட்டெறும்பு என் காலைப் பிடுங்கியிருக்கிறது. எழுந்து, நோட்டில் எண்ணிக்கையை எழுதிய பிறகுதான் "ஐயோ" என்று குதித்தேன். ஆயா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எறும்பு கடிச்சி எம்மா நேரமாச்சி, இப்ப வந்து கத்துறீங்களே" என்றாள். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். நர்சம்மா காதை வைத்தால் இடி விழுந்தாலும் அசையமாட்டாள் என்று சுற்று வட்டாரத்தில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை நான் பத்திரமாகக் காப்பாற்றிவந்தேன்.

எனக்கு அடங்காத சத்தம் ஒன்றே ஒன்றுதான். வளையல்.

வளைகாப்புப் போட்ட பெண்கள் இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையலோடு வந்து படுப்பார்கள். பிள்ளை பிறக்கும்வரை கழற்றமாட்டார்கள். வயிற்றில் இருக்கிற பிள்ளை அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சந்தோஷப்பட வேண்டும் என்பதற்காகத்தானே போடுவது! பிள்ளை கேட்கட்டும், நான் எப்படிக் கேட்பது? துடிப்பைப் பிடிக்கப் போகிற நேரத்தில் சரியாக முந்தானையை இழுத்துவிடுவார்கள். கலகல என்று கொட்டும். போயிற்று, மறுபடியும் முதலிலிருந்து. "கையைத் தலைக்கு மேல தூக்கிட்டுச் சும்மா கெட" என்று எத்தனை பேரிடம் எரிந்து விழுந்திருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. இந்தப் பக்கத்துக்கெல்லாம் வளையல் விற்கிற பாயை வழியில் பார்த்தால் "உங்களாலதான் என் பொழைப்பு இப்படி ஆச்சு" என்று மல்லுக்கு நிற்பேன்.

அவர் நாகூர்க்காரர். சைக்கிளில் கண்ணாடிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக வருவார். ஐம்பது வயதிருக்கும், ஓயாத பேச்சு. என் கோபத்தை அவர் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொண்டதில்லை. "சத்தம் போடாத வளையல் வேணும்னா ரப்பர்லதாம்மா செய்யணும்" என்பார். அவர் வளையல் போடுவதைப் பார்க்கத் தெருவே கூடும். அளவுக்குச் சரியான வளையல், கட்டை விரல் முட்டியைத் தாண்டும்போது உயிர் போகும். அந்த இடத்தில் அவர் பெண்ணின் கையைப் பார்க்கவே மாட்டார். எங்கேயோ பார்த்துக்கொண்டு, "ஏந்தங்கச்சி, உங்க தெருவுல மொத்தம் எத்தனை தென்னை மரம்?" என்று கேட்பார். அவள் இது என்ன கேள்வி என்று புருவத்தைச் சுருக்கி, ஒவ்வொரு வீடாக மனதுக்குள் நடந்து எண்ணத் தொடங்குவாள். அதற்குள் கை தளர்ந்துவிடும், வளையல் மணிக்கட்டில் உட்கார்ந்திருக்கும். "கணக்குப் போடுற கைக்கு வலி தெரியாதும்மா" என்று என்னிடம் கண்ணைச் சிமிட்டுவார்.

வாய்க்காலுக்குத் தெற்கே, கூலி வேலைக்காரர்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு அந்த வருஷம் அவர்தான் வளைகாப்பு வளையல் போட்டார். அவளுக்கு முதல் பிள்ளை. இருபது வயதுகூட நிறைந்திருக்காது. வாய் திறந்து பேசமாட்டாள்; எதற்கும் ஒரு சிரிப்பு. மாமியார் அவளுக்கும் சேர்த்துப் பேசிவிடுவாள். எனக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடிக்கும். வாய்க்கால் மேட்டில் என்னைப் பார்த்தால் தலையில் இருக்கிற புல்லுக்கட்டோடு நின்று, நான் கடக்கும்வரை ஒதுங்கி வழிவிடுவாள். "நீ போ, புள்ளத்தாச்சி நீ, நாந்தான் நிக்கணும்" என்று நான் சொன்னால் அதற்கும் சிரிப்புத்தான்.

தை முடிகிற சமயம். சம்பா அறுவடை நின்றுபோயிருந்தது. களத்தில் அளக்கிற கூலி நெல்லைக் கூட்டித் தர வேண்டும் என்று சங்கத்துக்காரர்கள் கேட்டார்கள். மிராசுதார்கள் முடியாது என்று வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவரப் பார்த்தார்கள். நாற்சந்தியில் ஒரு பக்கம் செங்கொடியும் தப்பு மேளமும், இன்னொரு பக்கம் போலீஸ் வேன். இடையில் முற்றிய கதிர் தலை சாய்ந்து நின்றது. அந்தப் பெண்ணின் புருஷன்தான் கூட்டத்தில் தப்பு அடிப்பவன். காலையில் ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை அவன் அடிக்கிற அடி வீட்டுப் பாத்திரம்வரை அதிரும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவளைப் பார்க்க வீட்டுக்கே போனேன். ஒன்பதாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. வெளியே கோஷம், மேளம், மைக். மாமியார் வாசலில் நின்றுகொண்டு யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு வீம்பு ஏறிவிட்டது. இத்தனை சத்தத்துக்கு நடுவிலும் பிடிக்கிறேனா இல்லையா பார் என்று குழலை வைத்துக் காதைப் பதித்தேன். கண்ணை மூடினேன். கொஞ்ச நேரத்தில் மேளம் போய்விட்டது, மைக் போய்விட்டது, மாமியாரும் போய்விட்டாள். பிள்ளை மட்டும் இருந்தது. ஓர் எண்ணிக்கைகூடத் தப்பாத, தெளிவான, அழகான துடிப்பு. அன்றைக்குப் போல நான் என்றைக்குமே கேட்டதில்லை.

முக்கியமாக, வளையல் தொல்லை இல்லை. ஒரு தடவைகூட அது கலகலக்கவில்லை.

எழுந்து, "புள்ள ராஜா மாதிரி இருக்கு. நீயும் கையை ஆட்டாம கெடந்தே பாரு, சமத்து. உன்னை மாதிரி ஒருத்திகூடக் கெடையாது" என்று அவள் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தேன். அவள் சிரித்தாள். வீட்டுக்கு வந்து அவரிடம் ஒரே பீற்றல். மேளத்துக்கு நடுவில் துடிப்பு எண்ணியதைப் பற்றி அரை மணி நேரம் பேசியிருப்பேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டே கேட்டார், அது பெரிய மரியாதை.

வியாழக்கிழமை பத்து மணி இருக்கும். வளையல் பாய் சைக்கிளை ஓட்டுக் கட்டடத்துச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். எப்போதும் வாசலிலேயே பேச்சை ஆரம்பிப்பவர் அன்று பேசாமல் வந்து என் முன்னால் நின்றார்.

"அம்மா, தெக்குத் தெருப் பொண்ணுக்கு ரெண்டு வளையல் ஒடைஞ்சி போச்சின்னு சொல்லியிருந்தாங்க. போட்டுவிடலாம்னு போனேன். போட முடியலீங்க."

"ஏன், அளவு இல்லையா?"

"அளவெல்லாம் இருக்கு. நான் எப்பவும் உள்ளாற ரெண்டு விரல் நொழையற மாதிரி விட்டுத்தான் போடுவேன். இன்னிக்கு நகம்கூட நொழையல. முன்னாடி போட்ட வளையலெல்லாம் கையோட ஒட்டிக்கிச்சி. அசையவே மாட்டேங்குது. உங்ககிட்ட சொல்லணும்னு தோணிச்சி."

அசையவே மாட்டேங்குது. அவர் இன்னும் ஏதோ சொன்னார். என் காதில் விழவில்லை. செவ்வாய்க்கிழமை வளையல் ஏன் சத்தம் போடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் கையை ஆட்டாமல் கிடந்ததால் அல்ல. கை வீங்கி வளையலை இறுக்கிப் பிடித்திருந்தது. கண்ணுக்கு முன்னால் கிடந்த இரண்டு கைகளையும் நான் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதோடு நின்றேனா, சத்தம் இல்லை என்று பாராட்டி வேறு விட்டு வந்தேன்.

கர்ப்பிணிக்கு முகமும் கையும் திடீரென்று வீங்கினால் அதற்கு அடுத்தது என்ன என்று எங்கள் பயிற்சியில் முதல் வருஷமே சொல்லிக்கொடுப்பார்கள். ரத்த அழுத்தம் ஏறும், தலை வலிக்கும், கண் மங்கும், பிறகு ஜன்னி கண்டு கைகால் வெட்டி இழுக்கும். அந்தக் காலத்தில் அதிலிருந்து தாயும் பிள்ளையும் சேர்ந்து பிழைத்து வருவது பெரிய விஷயம்.

பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பாய் சைக்கிளில் பின்னாலேயே வந்தார். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் உப்பியிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள், ஆனால் பார்வை என் மேல் நிற்கவில்லை. "கண்ணுக்குள்ள பூச்சி பறக்குதும்மா" என்றாள். சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து ஸ்பிரிட் விளக்கில் காட்டினேன். முட்டையின் வெள்ளை வேகிற மாதிரி திரண்டு வந்தது. அந்த மாதத்துச் சிறுநீர்ப் பரிசோதனைதான் முதல் வாரத்திலேயே முடிந்துவிட்டதே என்று நான் நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

டவுன் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். மறியலால் பஸ் இல்லை. மிராசுதார் வீட்டுக் காரைக் கேட்கலாமே என்றாள், என் பின்னாலேயே ஓடிவந்திருந்த ஆயா. கார் முதல் நாளே மிராசுதாரை ஏற்றிக்கொண்டு தஞ்சாவூருக்குப் போயிருந்தது. நெல் ஏற்ற வந்து சும்மா நின்ற மாட்டு வண்டி ஒன்று கிடைத்தது. வைக்கோலைப் பரப்பி அவளைப் படுக்க வைத்தோம். இந்த நோயில் பளிச்சென்று வெளிச்சம் பட்டாலோ, பலத்த சத்தம் கேட்டாலோ, உடம்பு குலுங்கினாலோ இழுப்பு வந்துவிடும் என்று எங்களைப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். அதனால் வண்டிக் கூண்டின் இரண்டு பக்கமும் புடவையைக் கட்டினேன். மாட்டின் கழுத்து மணியைக் கழற்றச் சொன்னேன். வண்டிக்காரர் அச்சில் கை நிறைய எண்ணெய் அப்பினார். எல்லாம் சரி, ஆனால் டவுனுக்குப் போகிற ஒரே சாலை அந்த நாற்சந்தி வழியாகத்தான் போகிறது. அங்கே நின்று தப்பு அடிப்பவன் அவளுடைய புருஷனேதான்.

பள்ளிக்கூடத்துக்கு ஆளை அனுப்பி என் வீட்டுக்காரரை வரவழைத்தேன். சட்டையெல்லாம் சாக்பீஸ் தூளோடு ஓடிவந்தார். "ஏங்க, சைக்கிள்ல முன்னால போங்க. நாங்க நாற்சந்தியத் தாண்டுற வரைக்கும் ஒரு சின்னச் சத்தம்கூட வரக் கூடாது. ரெண்டு பக்கமும் சொல்லுங்க. இது ஒண்ணுதான் வேலை, மறந்துராதீங்க" என்றேன். கடைக்குப் போனால் புளிக்குப் பதில் பேப்பரோடு வருகிற மனுஷர். அவர் சைக்கிள் போன திசையையே பார்த்துக்கொண்டு வண்டியில் ஏறினேன்.

வண்டிக்குள் மாமியார் காலடியில், நான் தலைமாட்டில். பாய் ஓரமாக உட்கார்ந்துகொண்டார். இழுப்பு வந்தால் கண்ணாடி உடைந்து நரம்பை அறுத்துவிடும், வளையலை எடுத்தாக வேண்டும் என்றேன். மாமியார் பதறிவிட்டாள். "பெரசவத்துக்கு முன்னாடி கையை மூளியாக்கக் கூடாதும்மா. ஒடைக்கக் கூடாது. எம்மவன் அங்க போலீசு முன்னால நிக்கிறான்" என்று கும்பிட்டாள். வளையலை உடைப்பது என்றால் அவளுக்கு ஒரே அர்த்தம்தான். அது எனக்கும் தெரியும்.

"ஒண்ணும் ஒடையாது ஆத்தா. கைக்கு ஒண்ணு விட்டுடறேன்" என்றார் பாய். கையில் எண்ணெயை வழித்துக்கொண்டு அந்த வீங்கின கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். குரலை நன்றாகத் தாழ்த்தி, "ஏந்தங்கச்சி, உங்க வீட்டுக் கூரைக்கு மொத்தம் எத்தனை கீத்து முடைஞ்சீங்க?" என்று கேட்டார்.

அவள் கண்ணை மூடியபடி யோசித்தாள். "தெக்குப் பக்கமா?"

"ரெண்டு பக்கமும்தான். நெதானமா எண்ணிச் சொல்லு."

அவள் எண்ணினாள். ஒரு வளையல் வந்தது. அவர் அதை ஓசைப்படாமல் மாமியாரின் மடியில் வைத்தார். அடுத்து, போன வருஷம் வீட்டில் இருந்த கோழிகள். அடுத்து, வாய்க்கால் படித்துறையில் எத்தனை படி. ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு வளையல். அவள் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்வரை நினைவு தப்பவில்லை என்று எனக்கும் தெரிந்தது.

என் கை பையைத் தேடிக்கொண்டே இருந்தது. குழலை எடுத்துப் பிள்ளைக்கு ஒரு தடவை காது கொடுத்துவிட வேண்டும் என்று என் உடம்பே பறந்தது. எடுக்கவில்லை. அந்தத் துடிப்பைக் கேட்க ஆரம்பித்தால் இவள் முகம் எனக்கு இல்லாமல் போய்விடும் என்று அப்போதாவது எனக்கு உறைத்திருந்தது. இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, அவளுடைய இமையையும் உதட்டையும் மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டமான வேலை நான் செய்ததில்லை.

நாற்சந்தி நெருங்கியது. மேளச் சத்தம் கேட்டது. அவள் புருவம் துடித்தது.

பிறகு மேளம் நின்றது.

புடவையின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். இருநூறு பேருக்குக் குறையாமல் இருப்பார்கள். இரண்டாகப் பிரிந்து சாலையின் இரு ஓரமும் நின்றார்கள். கொடிக் கம்புகளைச் சத்தம் வராமல் தரையில் படுக்க வைத்திருந்தார்கள். அழப் போன கைக்குழந்தையின் வாயில் ஒருத்தி மார்பைக் கொடுத்தாள். எதிர்ப்பக்கம் போலீஸ் வேனின் எஞ்சின் அணைந்திருந்தது. வெளியூரிலிருந்து அறுக்க வந்த ஆட்கள் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு கைகட்டி நின்றார்கள். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் என் வீட்டுக்காரர், வகுப்பறையில் நிற்பதுபோல, வாயில் விரலை வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த நிமிஷம் அவர் மேல் வந்த பிரியத்தை இன்னும் அவரிடம் முழுதாகச் சொல்லித் தீர்க்கவில்லை.

அவள் புருஷன் தப்பை மார்போடு அணைத்து, அதன் தோலில் உள்ளங்கையை அழுத்தி வைத்திருந்தான். காற்றுப் பட்டு அது தானாக ஒலித்துவிடுமோ என்று பயந்தான் போலிருக்கிறது. வண்டி தாண்டியதும் அதைப் பக்கத்தில் இருந்தவனிடம் கொடுத்துவிட்டு, செருப்பில்லாத காலோடு எங்கள் பின்னாலேயே நடந்து வந்தான். போலீஸ்காரர் யாரும் அவனைத் தடுக்கவில்லை. நாங்கள் மதகைத் தாண்டி வெகுதூரம் போகும்வரை பின்னால் மேளம் கேட்கவே இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது அவள் கைகளில் ஒவ்வொரு வளையல்தான் இருந்தது. அதன் மேலும் நான் பஞ்சு வைத்துத் துணியால் சுற்றியிருந்தேன். பிரசவ அறைக்குள் போன பிறகுதான் ஒரே ஒரு முறை இழுப்பு வந்தது. ஊசியும் மருந்தும் பக்கத்திலேயே இருந்தன. அன்று மாலையே பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்தாள். அடுத்த வாரம் தாசில்தார் முன்னால் பேச்சுவார்த்தை நடந்து, கேட்டதில் பாதியைத் தருவதாக மிராசுதார்கள் ஒத்துக்கொண்டு அறுவடையும் தொடங்கியது.

இருபது நாள் கழித்து அவளை வீட்டில் போய்ப் பார்த்தேன். தெருமுனையிலேயே மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "நர்சம்மா மட்டும் கண்டுபுடிக்கலைன்னா எங்க கதி என்னாயிருக்கும்" என்றாள். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது. உள்ளே போனேன். அவள் பிள்ளையைப் பக்கத்தில் கிடத்திக்கொண்டு படுத்திருந்தாள். இனிமேல் இதை என் நெஞ்சுக்குள் வைத்திருக்க முடியாது என்று தோன்றியது.

"இந்தா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு செவ்வாய்க்கிழமையே உன் கை வீங்கித்தான் இருந்திருக்கும். நான் பாக்கல. வளையல் சத்தம் போடலைன்னு சந்தோஷப்பட்டுட்டுப் போயிட்டேன். கண்டுபுடிச்சது பாய்தான், நான் இல்ல" என்றேன்.

"எனக்குத் தெரியும்மா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அன்னைக்கே தலை வலிச்சிது. நீங்க காதை வச்சிக்கிட்டு இருக்கயில சொல்ல வாயெடுத்தேன். நீங்க கண்ணைத் தெறக்காமயே உஷ்ஷுன்னீங்க."

எனக்கு நினைவே இல்லை. எவ்வளவு யோசித்தும் இன்றுவரை நினைவுக்கு வரவில்லை. அவள் பொய் சொல்கிறவள் இல்லை.

"சரி, நான் எழுந்த பொறவு சொல்லியிருக்கலாமே?"

"புள்ள ராஜா மாதிரி இருக்குன்னு சொன்னீங்க. உங்க முகத்துல அம்புட்டு சந்தோசம். அதுல போயி என் தலைவலிய எதுக்குச் சொல்லணும்னு இருந்துட்டேன்."

நான் அழுதுவிட்டேன். அடக்கப் பார்த்தும் முடியாமல் சத்தமாகவே அழுதேன். அவள் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்து, "உஷ், இப்பத்தான் தூங்குது" என்றாள். பிறகு தானே கொஞ்சம் நகர்ந்து பாயில் எனக்கு இடம் விட்டாள்.

உட்கார்ந்தேன். பையைத் திறக்கவில்லை. "இப்ப ஒனக்கு என்ன பண்ணுது? புள்ளைய விடு, ஒனக்கு" என்று கேட்டேன்.

ஒன்றுமில்லை என்று சிரிக்கத்தான் போனாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சிரிப்பு பாதியில் நின்றது. கூரையைப் பார்த்தபடி, இடுப்பில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொன்னாள்.